சீனாவுக்கு முன்னால் மணிலா வழியா, ஹனோய் வழியா?

தென்சீனக் கடலில் சீனாவின் நெருக்குதலை அதிகம் தாங்குபவை பிலிப்பைன்ஸும் வியட்நாமும். எதிரே நிற்பது ஒரே நாடு, ஆனால் இரண்டும் பிடித்த வழி வேறு வேறு.

பிலிப்பைன்ஸ் அமெரிக்காவோடு சேர்ந்து நிற்கிறது. 1951-இல் போட்ட பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அமெரிக்கப் படை பயன்படுத்தக்கூடிய தளங்களை ஐந்திலிருந்து ஒன்பதாக 2023-இல் உயர்த்தினார் அதிபர் மார்கோஸ் ஜூனியர். புதிய நான்கில் மூன்று, தைவானுக்கு அருகே, லூசோன் தீவின் வடக்கில் இருக்கின்றன. சீனக் கப்பல்கள் பிலிப்பைன்ஸ் படகுகள் மீது தண்ணீரைப் பீய்ச்சியடித்தால் மணிலா அதைப் படம்பிடித்து உலகுக்கே காட்டுகிறது.

வியட்நாம் யாரோடும் ராணுவக் கூட்டணி வைப்பதில்லை, வெளிநாட்டுத் தளத்துக்கு இடம் கொடுப்பதில்லை. 2023 செப்டம்பரில் அன்றைய அமெரிக்க அதிபர் பைடனை வரவேற்று உறவை மேல்நிலைக்கு உயர்த்திய ஹனோய், அதே ஆண்டு டிசம்பரில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கையும் வரவேற்றது. இதற்கிடையே தென்சீனக் கடலின் ஸ்ப்ராட்லி திட்டுகளில் மண்ணை வாரிக் கொட்டி வேகமாக நிலத்தை விரித்துக்கொண்டே போகிறது. இரண்டாம் தாமஸ் திட்டில் 1999 முதல் தரைதட்டி நிற்கும் தன் துருப்பிடித்த பழைய கடற்படைக் கப்பலுக்குப் பிலிப்பைன்ஸ் கட்டுமானப் பொருள் கொண்டுபோனாலே மறிக்கும் சீனா, வியட்நாமின் இந்த வேலையை அந்த அளவுக்குத் தடுக்கவில்லை. தைவானுக்குப் பக்கத்தில் அமெரிக்கப் படை வருவதுதான் பெய்ஜிங்கை அதிகம் உறுத்துகிறது என்று நினைக்கிறேன். வியட்நாமில் அந்த உறுத்தல் இல்லை. அதோடு, 1979-இல் சீனப் படையெடுப்பை எதிர்த்து நின்ற நாடு அது.

அப்படியென்றால் ஹனோய் வழியே நல்லதா? அதற்கும் விலை உண்டு. சீன நெருக்கடியால் 2017-இலும் 2018-இலும் ரெப்சோல் நிறுவனத்தின் எண்ணெய்த் துரப்பணப் பணிகளை வியட்நாம் நிறுத்த வேண்டியிருந்தது. 2024-இல் பாராசெல் தீவுகளுக்கு அருகே அதன் மீனவர்கள் சீனர்களிடம் அடிபட்டார்கள். ஹனோய் கண்டனம் தெரிவித்தது, அவ்வளவுதான்.

மணிலாவும் ஒருமுறை தணிந்துபோய்ப் பார்த்தது. 2016-இல் தென்சீனக் கடல் வழக்கில் சர்வதேச நடுவர் மன்றம் பிலிப்பைன்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தும், அதை ஓரமாக வைத்துவிட்டு பெய்ஜிங் போனார் அன்றைய அதிபர் துதர்தே. அமெரிக்காவிடமிருந்து விலகுவதாக அங்கேயே அறிவித்தார். ஆனால் 2021-இல் பிலிப்பைன்ஸ் உரிமை கோரும் விட்சன் திட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட சீனப் படகுகள் வந்து நின்றன. கையில் போதிய பலம் இல்லாமல் பணிந்துபோனால் இதுதான் கிடைக்கும். வியட்நாமின் படைபலம் இல்லாத பிலிப்பைன்ஸுக்குக் கூட்டணியே சரியான தேர்வு என்பது என் உறுதியான கருத்து.

அதற்குப் பலனும் தெரிகிறது. 2024 ஜூனில் இரண்டாம் தாமஸ் திட்டில் சீனர்கள் கத்தி, கோடரியோடு மறித்த மோதலில் ஒரு பிலிப்பைன்ஸ் கடற்படை வீரர் கட்டைவிரலை இழந்தார். அடுத்த மாதமே அந்தப் பழைய கப்பலுக்கு உணவு கொண்டுபோக இரு தரப்பும் தற்காலிக உடன்பாட்டுக்கு வந்தன. ஆனால் 2012-இல் சீனாவின் கைக்குப் போன ஸ்கார்பரோ திட்டில் கூட்டணியால் எதுவும் மாறவில்லை. அங்கே மீன்பிடிக்கும் பாரம்பரிய உரிமையை நடுவர் மன்றமே ஏற்றுக்கொண்டும், பிலிப்பைன்ஸ் மீனவர்களைச் சீனக் கப்பல்கள் இன்னமும் விரட்டுகின்றன.