கேம் கணினிக்கு எந்த டிஸ்க்: சுழலும் தட்டா, சாட்டாவா, என்விஎம்இ-யா?

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் போய் "கேம் விளையாட ஒரு ஹார்டு டிஸ்க் வேண்டும்" என்று கேட்டால், "எத்தனை டிபி?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அதற்கு முன் நாமே முடிவு செய்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஹார்டு டிஸ்க் என்ற ஒரே பெயருக்குள் இன்று மூன்று பொருள்கள் இருக்கின்றன: தட்டு சுழலும் பழைய டிஸ்க், சாட்டா கேபிளில் மாட்டும் எஸ்எஸ்டி, மதர்போர்டிலேயே செருகும் என்விஎம்இ எஸ்எஸ்டி.

பழைய டிஸ்க்கின் மேல் எனக்கு இன்னும் மரியாதை உண்டு. ஆனால் அதன் கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் விநாடிக்கு 120. வேண்டிய தகவல், வாசிக்கும் முனையான ஹெட்டுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி விநாடிக்குச் சற்று அதிகம். ஹெட் சரியான தடத்துக்கு நகர இன்னொரு 8, 9 மில்லி விநாடி. ஆக, ஒரு விநாடியில் சுமார் எண்பது தேடல்தான் நடக்கும். ஒரு பெரிய சினிமாக் கோப்பை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கச் சொன்னால் விநாடிக்கு 150 முதல் 250 எம்பி வரை தாராளமாகத் தரும். கேம் அப்படிக் கேட்பதில்லை. இங்கே ஒரு மரப்பட்டை, அங்கே ஒரு காலடிச் சத்தம் என்று துண்டு துண்டாகக் கேட்கும். திறந்த உலகக் கேமில் குதிரையை விரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: எதிரே வீடு களிமண் உருண்டைபோல் நிற்கும்; வாசலுக்கே போய் நின்ற பிறகுதான் கதவும் ஜன்னலும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

வேகமாகச் சுற்றினால் சரியாகிவிடாதா? 2003-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் அதையும் செய்து பார்த்தது. ராப்டர் என்ற டிஸ்க், நிமிடத்துக்கு 10,000 சுற்று, கொள்ளளவு 36 ஜிபி. அரைச் சுற்று நேரம் 4 மில்லி விநாடியிலிருந்து 3 ஆனது. அவ்வளவுதான்.

எஸ்எஸ்டி தகவலைச் சிப்பில் வைக்கிறது, அதில் சுழல எதுவும் இல்லை. ஒரு தேடலுக்கு 0.1 மில்லி விநாடி அளவே ஆகிறது. பழைய டிஸ்க்கைக் கழற்றிச் சாதாரண சாட்டா எஸ்எஸ்டி மாட்டும் நாளில் கணினியே புதிதாக வந்ததுபோல் தோன்றுவது இதனால்தான். சாட்டா இணைப்பின் உச்சவரம்பு விநாடிக்கு ஏறத்தாழ 550 எம்பி. என்விஎம்இ அதைத் தாண்டி, பிசிஐஇ என்ற வேகமான இணைப்பின் மூன்றாம் தலைமுறையில் 3,500, நான்காம் தலைமுறையில் 7,000, ஐந்தாம் தலைமுறையில் 14,000 என்று ஏறிக்கொண்டே போகிறது.

விளம்பரம் நம்மைப் பிடிப்பது இந்த எண்களில்தான். 550-க்கும் 7,000-க்கும் இடையில் பன்னிரண்டு மடங்கு என்றால், கேமும் பன்னிரண்டு மடங்கு சீக்கிரம் திறக்க வேண்டும் அல்லவா? திறக்காது. பெரும்பாலும் சில விநாடிதான் மிச்சமாகும். டிஸ்க் கொடுத்ததைப் பிராசசர் விரித்து, அடுக்கி, கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்ப வேண்டும், தாமதம் அங்கே. ஜிடிஏ ஆன்லைன் என்ற கேம் திறக்கப் பல நிமிடம் ஆனதற்கு வருடக்கணக்கில் எல்லோரும் டிஸ்க்கைத் திட்டினார்கள். 2021-ல் வெளியார் ஒருவர் நோண்டிப் பார்த்தபோது, 10 எம்பி அளவுள்ள ஒரு பட்டியலைக் கேம் படுமோசமான முறையில் படிப்பது தெரிந்தது. அதைத் திருத்தியதும் காத்திருக்கும் நேரம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. ராக்ஸ்டார் நிறுவனம் அவருக்கு 10,000 டாலர் கொடுத்தது. டிஸ்க் பாவம், ஒரு குற்றமும் செய்யவில்லை.

பிராசசரின் சுமையைக் குறைத்துத் தகவலைக் கிராபிக்ஸ் கார்டுக்குக் கொண்டுபோக மைக்ரோசாஃப்ட் 2022-ல் விண்டோஸுக்குக் கொண்டுவந்த டைரக்ட் ஸ்டோரேஜ் இந்த இடைவெளியை ஒருநாள் மாற்றலாம். அதை முழுமையாகப் பயன்படுத்தும் கேம்கள் இன்னும் குறைவு. ஆகவே கேமுக்காக மட்டும் ஐந்தாம் தலைமுறை டிஸ்க் வாங்குவதை நான் வீண்செலவு என்பேன். அது காயும் சூட்டுக்குத் தனியாக ஒரு ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) வேறு பார்க்க வேண்டும்.

அப்படியானால் சாட்டாவே போதுமா? மதர்போர்டில் என்விஎம்இ செருகும் எம்.2 இடம் இல்லாதவர்களுக்குப் போதும். சாம்சங் 870 ஈவோ மாதிரி ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இடம் இருப்பவர்கள் நான்காம் தலைமுறை என்விஎம்இ வாங்குவதே புத்திசாலித்தனம். அதற்குள்ளும் ஜாதி இருக்கிறது. க்ரூஷியல் பி3 பிளஸ் ஒரு நினைவகச் செல்லில் நான்கு பிட் அடைக்கும் கியூஎல்சி ரகம். 1 டிபி மாடலுக்கு 220 டிபி வரை எழுதலாம் என்று உத்தரவாதம். டபிள்யூடி எஸ்என்770 மூன்று பிட் டிஎல்சி; அதற்கு 600. எஸ்என்850எக்ஸ்-க்கும் அதே 600, கூடவே எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்ற குறிப்பை வைத்துக்கொள்ளும் சொந்த டிராம் நினைவகம். மூன்றுக்கும் 5 ஆண்டு வாரண்டி.

220 என்ற எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம். தினம் ஒரு 100 ஜிபி கேம் இறக்கினாலும் ஆறு வருடம் தாங்கும். கியூஎல்சியின் உண்மையான தொல்லை வேறு. முதலில் எழுதுவதை வேகமான தற்காலிக இடத்தில் வாங்கிக்கொள்ளும். அது நிறைந்ததும் வேகம் பழைய ஹார்டு டிஸ்க் அளவுக்கோ அதற்கும் கீழேயோ விழும். டிஸ்க் முக்கால்வாசி நிறைந்திருக்கும்போது பால்டர்ஸ் கேட் 3-ஐ வேறொரு டிஸ்க்கிலிருந்து நகர்த்திப் பாருங்கள், 150 ஜிபி. விளையாடும்போது அல்ல, அப்போதுதான் தெரியும். என் காசு எஸ்என்770 ரகத்துக்கே போகும். அதுவும் குறையற்றதல்ல: 2024-ல் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது அதன் 2 டிபி மாடல்களில் கணினி முடங்கி நீலத்திரை வந்தது, டிஸ்க்கின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்த பிறகே அடங்கியது.

நம்பகத்தன்மை என்று பார்த்தால், பழைய டிஸ்க் பல நேரம் சாவதற்கு முன் சொல்லிவிட்டுச் சாகும். என்னுடையது ஒன்று இரண்டு நாள் "டக், டக்" என்றது. அதற்குள் படங்களை எல்லாம் எடுத்துவிட்டேன். எஸ்எஸ்டி பெரும்பாலும் சத்தமே இல்லாமல் போகும், மீட்பதும் கடினம். எனவே பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடாமல் சேவ் கோப்புகளுக்கும் பழைய கேம்களுக்கும் வைத்துக்கொள்கிறேன். புதிதாக ஒன்று வாங்குபவர்கள் எஸ்எம்ஆர் வகையா என்று கேட்டு விலக்குங்கள். அதில் தடங்கள் நாட்டு ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஓர் ஓடு மாற்றவே பக்கத்து ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும்; அதனால் மாற்றி எழுதும்போது மெதுவாகும். சில நிறுவனங்கள் இதைச் சொல்லாமலே விற்றது 2020-ல் அம்பலமானது.

கடைசியாக, எம்.2 டிஸ்க்கைப் பிடித்து வைக்கும் அந்தக் கடுகளவு திருகு பெரும்பாலும் டிஸ்க்குடன் வராது. மதர்போர்டுப் பெட்டியில் இருக்கும். பெட்டியை எடைக்குப் போட்டுவிட்டவர்கள், டிஸ்க் வாங்கும் கடையிலேயே ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.