தேன்சிட்டா, சுவர்ப்பாசியா?

மண்டபம், பாம்பன் பக்கத்துப் பள்ளிகளில் ஓராண்டு முழுக்கக் கவனித்துக் குறிப்பெழுத ஓர் உயிரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பிள்ளைகள் ஊதாத் தேன்சிட்டைத்தான் கேட்பார்கள். சுவர்ப்பாசி யார் நினைவுக்கும் வராது. நான் பாசியின் பக்கம்.

இராமநாதபுரம் கடலோரத்தில் எந்த உயிருக்கும் முதல் கவலை நல்ல தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்துவிட்டால் பிறகு நீண்ட வறட்சியும் உப்புக் காற்றும்தான். தேன்சிட்டு இதைச் சிறகால் சமாளிக்கிறது. பத்து சென்டிமீட்டரைத் தொடாத அந்த உடல் எருக்கு, முருங்கை, செம்பருத்தி என்று பூப்பூவாக அலைகிறது. பூந்தேனில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் பசியோடு தாகமும் தீர்கிறது. கடற்பறவைகளுக்கு இருப்பதுபோல உப்பை வெளியேற்றும் சுரப்பி இதற்கு இல்லை. ஆகவே கடல் பக்கத்திலேயே கிடந்தாலும் பயனில்லை.

பாசி எங்கும் போவதில்லை. ஹயோஃபிலா இன்வொலூட்டா என்று தாவரவியலாளர்கள் குறிக்கும் இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான வேர் கிடையாது. இலைப்பரப்பே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. காய்ந்தால் இலையோரங்கள் உள்நோக்கிச் சுருண்டுவிடும். பங்குனி வெயிலில் பார்த்தால் செத்துக் கருகிய பொருக்கு என்றே தோன்றும். அதன்மேல் சில சொட்டு நல்ல தண்ணீர் விட்டுக் கைலென்ஸில் பாருங்கள்: கண்ணெதிரே இலைகள் விரிந்து பச்சை திரும்புகிறது! இதைவிட நேரடியான அறிவியல் பாடம் எனக்குத் தெரியவில்லை. ஆண் அணுக்கள் நீரில் நீந்தித்தான் பெண் அணுவை அடையும் என்பதால், ஈரமில்லாமல் கருவுறுதலும் நடக்காது.

ஊரணிப் படி, கிணற்றடி, தொட்டி கசியும் சுவர் ஆகிய இடங்களில் தேடச் சொல்லுங்கள். ஊரில் நல்ல தண்ணீர் எங்கெங்கே கசிகிறது என்பதைப் பிள்ளைகளே வரைபடமாக்கிவிடுவார்கள்.

ஒன்றில் மட்டும் சிட்டுக்குப் பாசி ஈடாகாது: கூடு. சிலந்தி நூலால் நாரையும் சருகையும் பிணைத்து, பக்கவாட்டு வாசலுக்கு மேல் ஒரு சின்னத் தாழ்வாரமும் வைத்துப் பெட்டை தொங்கவிடும் அந்தப் பையை வியக்காமல் இருக்க முடியாது. ஆனால் அருகே போய்ப் பார்க்கக் கூடாது, கூட்டைக் கைவிட்டுவிடக்கூடும். நாற்பது பிள்ளைகள் கொண்ட வகுப்பில் இது பெரிய சங்கடம். பாசியை எத்தனை பேர் சூழ்ந்து நின்று பார்த்தாலும் பாதகமில்லை.

மழை தொடங்கியதும் ஆரம்பித்துவிடலாம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பின்சுவரில் ஒரு முழத்தை மட்டும் விட்டுவைக்கும்படி தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.