2,400 ரூபாய் காயிலுக்கு 1,38,000 பிடுங்கிவிட்டார்கள்: பேக்ஹோ வைத்திருப்பவர்கள் படியுங்கள்

நேற்று சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. சேலம் பைபாஸ் ஓரம், மண் வண்டிகள் பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப். பெயர் போடவில்லை.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காபித் தோட்டத்துக்குப் பாதை வெட்டும் வேலை. காலையில் என் பேக்ஹோ (ஜேசிபி மாதிரி மண் வெட்டும் வண்டி) நன்றாக ஓடும். இரண்டு மணி நேரத்தில் சூடேறியதும் ஷட்டில் லிவரை (முன்னால், பின்னால் என்று மாற்றும் கைப்பிடி) முன்னால் தள்ளினால் வண்டி அசையாது. ரிவர்ஸ் மட்டும் ஜம்மென்று எடுக்கும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி முன்னால் போகும். டிரெய்லரில் ஏற்றிக் குப்பனூர் வழியாக இறக்கினேன்.

ஒர்க்‌ஷாப்காரர் கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை உருவி, ஆயிலை இரண்டு விரலில் தேய்த்து என் மூக்கருகே நீட்டினார். "கருகின வாசம் வருது பாருங்கண்ணா. கன்வர்ட்டரும் பம்பும் போச்சு." கன்வர்ட்டர் என்றால் இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கொடுப்பது, பம்பு அந்த ஆயிலைத் தள்ளுவது. வாசம் எனக்கும் வருவது போலத்தான் இருந்தது. அங்கேதான் விழுந்தேன். நின்ற இடத்திலேயே 80,000 முன்பணம். 11 நாள் கழித்து மொத்தம் 1,38,000. பில்லில் "டிரான்ஸ்மிஷன் வேலை" என்று ஒரே வரி. கழற்றிய பார்ட்ஸைக் கேட்டால், காயலான் கடைக்குப் போட்டாச்சாம்.

மூன்றாம் நாள் அதே மலை, அதே கோளாறு. போன் செய்தேன். "புது ஆயில் செட்டாகணும், பத்து மணி நேரம் ஓட்டுங்க." ஓட்டினோம். அப்புறம், "உங்க டிரைவர் ஓட்டத்திலேயே லிவரை மாத்துறான்." அந்தப் பையன் ஆறு வருஷமாக என்னிடம் இருக்கிறான், வண்டி நிற்காமல் லிவரைத் தொடமாட்டான். அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. நேரில் போனால், "மலையில ஓட்டினா கேரண்டி கிடையாதுண்ணா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். 1,38,000 வாங்கும்போது வண்டி மலையில் ஓடுவது தெரியாதா?

நேற்று அஸ்தம்பட்டியிலிருந்து வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். கோளாறு வரும்வரை காத்திருந்தார். பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, பார்வர்டு, ரிவர்ஸ் சோலனாய்டு காயில் (கரண்ட் வந்ததும் ஆயில் வால்வை நகர்த்தும் கம்பிச் சுருள்) இரண்டையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டார். எங்கள் வண்டியில் இரண்டும் ஒரே மாதிரி. இப்போது முன்னால் போனது, ரிவர்ஸ் நின்றுவிட்டது. "காயில்தான் தம்பி. சூடானா உள்ள கம்பி விட்டுப்போகுது." புதுக் காயில் 2,400 ரூபாய்.

பம்பும் கன்வர்ட்டரும் இரண்டு பக்கத்துக்கும் பொது. அவை போயிருந்தால் ரிவர்ஸ் மட்டும் எப்படி எடுக்கும்? அன்றைக்கு இதை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் 1,38,000 என் கையில் இருந்திருக்கும்.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. ஒரு பக்கம் மட்டும் எடுக்கவில்லை என்றால் முதலில் காயில், ஒயர், பிளக் பாருங்கள். அதெல்லாம் சரியாக இருந்தால்தான் கிளட்ச் பேக் (கியர்பாக்ஸுக்குள் அந்தப் பக்கத்தைப் பிடிக்கும் தட்டுகள்) பேச்சு. அதற்கும் ஆயில் சூடாக இருக்கும்போது கேஜ் மாட்டி, பிரஷரை உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் கியர்பாக்ஸில் ஸ்பேனர் வைக்க விடாதீர்கள். பழைய பார்ட்ஸ் கைக்கு வராமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள்.

நாளைக் காலை பழுதான காயிலையும் பில்லையும் எடுத்துக்கொண்டு அந்த ஒர்க்‌ஷாப் வாசலுக்குப் போகிறேன்.