மைஎஸ்க்யூஎல்லும் பைத்தானும்: தோல் கணக்குகளை ஏற்றி இறக்கிய அனுபவம்

ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்து டேனரிகளுக்கும் (தோல் பதனிடும் ஆலைகள்) காலணித் தொழிற்சாலைகளுக்கும் சரக்கு இருப்பு, கூலிக் கணக்கு ஆகியவற்றுக்கான நிரல்களை எழுதித் தரும் வேலையில் பல ஆண்டுகளாக மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தையே பயன்படுத்தி வருகிறேன். நிரல்மொழி முதலில் பெர்ல், இடையில் சிறிது காலம் பிஎச்பி, இப்போது முழுக்கப் பைத்தான். தரவுத்தளத்துக்குள் நுழைய முடியவில்லை என்பதைப் பற்றித்தான் புதிதாக வருபவர்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள். ஆனால் என் நேரத்தை அதிகம் விழுங்கியவை, நுழைந்த பிறகு ஒரு பிழைச் செய்தியும் இல்லாமல் தவறாக ஏறிய தரவுகள்தான்.

நுழைவுச் சிக்கலில் பிழை எண்ணே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. 2002 என்றால் சாக்கெட் கோப்பு (ஒரே கணினிக்குள் சர்வரோடு பேசும் வழி) கிடைக்கவில்லை. 2003 என்றால் அந்த முகவரியில் மைஎஸ்க்யூஎல்லின் வாசலான 3306 போர்ட்டை எட்ட முடியவில்லை. 1045 என்றால் சர்வரை எட்டியாயிற்று, பயனர் பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை. உபுண்டுவில் நிறுவப்படும் மைஎஸ்க்யூஎல் தன் கணினியிலிருந்து வரும் இணைப்புகளை மட்டுமே ஏற்கும்படி அமைந்திருப்பதால், ஆலையின் இன்னொரு அறையிலிருந்து இணைக்கும்போது 2003 வருவது வியப்பில்லை. சற்றுக் குழப்புவது, தன் கணினியையே குறிக்கும் 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற பெயர். லினக்ஸில் பெர்ல், பிஎச்பி இணைப்பிகள் (நிரலைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் நூலகங்கள்) அந்தப் பெயரைக் கண்டதும் சாக்கெட் வழியே செல்கின்றன. பைத்தானின் பைமைஎஸ்க்யூஎல் இணைப்பியோ, சாக்கெட்டின் இடத்தைத் தனியாகக் குறிப்பிடாதவரை டிசிபி என்ற வலைப்பின்னல் வழியே செல்கிறது. அதனால் பெர்லில் ஓடிய அதே அமைப்பு விவரங்கள் பைத்தானில் ஓடாமல் போகலாம்.

2018இல் வந்த மைஎஸ்க்யூஎல் 8.0 பதிப்பு கடவுச்சொல் சரிபார்க்கும் முறையையே மாற்றியதால் பழைய இணைப்பிகள் பல 2059 என்ற பிழையோடு திரும்பின. இணைப்பியைப் புதுப்பித்தால் அது தீர்ந்துவிடும்.

பெர்லிலிருந்து பைத்தானுக்கு மாறுபவர்கள் முதலில் அறிய வேண்டியது, ஏற்றியதை நிலையாக உறுதி செய்யும் கமிட் பற்றி. பெர்லின் டிபிஐ, பிஎச்பியின் பிடிஓ ஆகிய தரவுத்தள இடைமுகங்கள் ஒவ்வொரு கட்டளையையும் தாமாகவே உறுதி செய்துவிடும். பைத்தானின் தரவுத்தள இடைமுகத் தரமான பெப் 249, இந்தத் தானியங்கி உறுதியைத் தொடக்கத்தில் நிறுத்தி வைக்கச் சொல்கிறது. இதனால், நிரல் எத்தனை வரிசைகள் ஏறின என்று சரியாகவே சொல்லும், அதே இணைப்பில் கேட்டால் வரிசைகளையும் காட்டும். வேறொரு திரையிலிருந்து பார்த்தால் அட்டவணை காலியாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய தடயம் உண்டு. அடுத்த முறை உண்மையாகவே ஏறும் வரிசையின் தானியங்கு எண் 1இல் தொடங்காமல் இடையில் எங்கோ தொடங்கினால், முன்பு ஏறியவை கமிட் இல்லாமல் கைவிடப்பட்டிருக்கின்றன என்று பொருள் கொள்ளலாம். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி ஒருமுறை எடுத்த எண்ணைத் திரும்பக் கொடுப்பதில்லை.

பெரிய கோப்புகளுக்கு, கோப்பை மொத்தமாக ஏற்றும் லோடு டேட்டா கட்டளைக்கு நிகர் இல்லை. வரிசைகளைச் சேர்க்கும் சாதாரண இன்சர்ட்டைவிட வழக்கமாக 20 மடங்கு வேகம் என்று மைஎஸ்க்யூஎல் கையேடே சொல்கிறது. 8.0இல், நிரல் ஓடும் கணினியில் உள்ள கோப்பை ஏற்றும் 'லோக்கல்' வகை அடைத்தே வருகிறது. சர்வர், இணைப்பி ஆகிய இரு பக்கமும் திறந்தாலொழிய 3948 என்ற பிழைதான் கிடைக்கும். திறந்த பிறகுதான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. 'லோக்கல்' என்று சேர்த்துவிட்டால், கண்டிப்பான முறையில் சர்வர் இயங்கினாலும்கூட, பொருந்தாத தரவும் இரட்டைச் சாவியும் (ஏற்கனவே உள்ள அடையாள எண் மீண்டும் வருவது) பிழையாகாமல் வெறும் எச்சரிக்கையாகிவிடும். எண் வரவேண்டிய இடத்தில் வெற்றிடம் இருந்தால் 0 ஏறும். எச்சரிக்கைகளை நிரல் கேட்டு வாங்காவிட்டால் யாருக்கும் தெரியாது.

எச்சரிக்கைகூட வராத வகையும் உண்டு. தோலின் பரப்பைச் சதுர அடியிலும் கால் அடியிலும் அளந்து, அடி எண்ணின் தலையில் கால் பங்கின் எண்ணைச் சிறிதாக எழுதுவது தொழிலின் வழக்கம். 23க்கு மேல் சின்னதாக 2 என்றால் இருபத்து மூன்றரைச் சதுர அடி. அளவைக் குறிப்பவர் அதை எக்செல்லில் 23.2 என்று அடிக்கிறார். தரவுத்தளம் அதைத் தசமமாக மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறது. ஒரு தோலில் 0.3 சதுர அடி காணாமற்போவது கண்ணுக்குத் தெரியாது; ஒரு லாட் முழுவதும் கூட்டினால் விலைப்பட்டியலோடு ஒத்துப்போகாது. இதற்காகவே எல்லாப் பத்திகளையும் (நெடுவரிசைகளையும்) முதலில் எழுத்து வகையாக ஓர் இடைநிலை அட்டவணையில் ஏற்றி, புள்ளிக்குப் பின் 0 முதல் 3 வரை ஒரே இலக்கம் இருந்தால் மட்டும் கால் அடியாக மாற்றுகிறேன். 23.75 என்று ஒன்று வந்துவிட்டால் கோப்பு வேறு வழக்கத்தில் எழுதப்பட்டது என்று கொண்டு, நிரல் அங்கேயே நின்றுவிடும்.

எக்செல்லைப் பற்றி என் கருத்து நல்லதாக இல்லை. வங்கிக் கணக்கு எண்ணை அறிவியல் குறியீடாகச் சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வி என்ற உரைக்கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியேற்ற வகையில் சேமித்தால் முதல் தலைப்பின் முன்னால் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று ஒட்டிக்கொள்ளும். பைத்தானில் யூடிஎஃப்-8-சிக் என்று திறந்தால் அது உதிர்ந்துவிடும். பைத்தானின் அட்டவணை நூலகமான பாண்டாஸ் வசதியானதுதான். ஆனால் ஒரு பத்தியில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் 1047 என்ற டோக்கன் எண் 1047.0 ஆகிவிடுகிறது. அதன் டூ எஸ்க்யூஎல்லை 'ரிப்ளேஸ்' என்று அழைத்தால் அட்டவணையையே அழித்துப் புதிதாகக் கட்டி, நாம் வைத்த இண்டெக்ஸ்களையும் (தேடலை விரைவாக்கும் குறிப்புகள்) கொண்டுபோய்விடும்.

தமிழ்ப் பெயர்களுக்கு மைஎஸ்க்யூஎல்லின் பழைய மூன்று பைட் யூடிஎஃப்8 போதாது என்று சிலர் அஞ்சுகிறார்கள். தமிழ் எழுத்துகளுக்கு மூன்று பைட்டே போதும். கெடுப்பது, இணைப்பு லத்தீன்1 என்ற ஐரோப்பிய எழுத்துக் குறியேற்றத்தில் இருப்பதுதான். சந்தேகம் வந்தால் 'வ' என்ற ஒற்றை எழுத்தின் நீளத்தைப் பைட்டில் கேட்டுப் பாருங்கள்: 3 என்றால் நலம், 6 என்றால் இருமுறை குறியேற்றம் ஆகியிருக்கிறது. இன்னொன்று, 'கொணவட்டம்' என்பதில் உள்ள கொ, ஒரே உயிர்க்குறியாகவும் வரலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் வரலாம். பார்க்க ஒன்றே, பைத்தான் இரண்டையும் வேறு என்றே சொல்லும். ஏற்றுமுன், இரண்டையும் ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். வாலாஜாபேட்டை முகவரி 2019க்கு முந்தைய கோப்பில் வேலூர் மாவட்டம், இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். அதனால் முகவரிகளை இணைக்கும்போது மாவட்டப் பெயரை நான் நம்புவதில்லை.

இத்தனைக்கும் பிறகு மைஎஸ்க்யூஎல்லை மாற்றும் எண்ணம் இல்லை. ஆனால் 2024இல் வந்த 9.0 பதிப்பில் பழைய கடவுச்சொல் முறை முற்றிலும் நீக்கப்பட்டுவிட்டது. தையல் பிரிவில் பழைய இணைப்பியோடு ஓடும் கணினிகளை மாற்ற ஆலை இசையும் வரை 8.0இலேயே இருக்கிறேன்.