எரிமலை ஏறிய யாழ்ப்பாணத்துச் சப்பாத்து

நான் 31 வருடம் புவியியல் படிப்பித்தவள். எரிமலையைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன். கண்ணால் கண்டது போன மார்கழியில்தான், அதுவும் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கடையில் 7,800 ரூபாவுக்கு வாங்கிய சப்பாத்தோடு. வெளிநாட்டில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தோழிகள் அந்தச் சப்பாத்து எப்படி என்று கேட்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

கறுப்பு நிறம். தடித்த ரப்பர் அடி, அதில் ஆழமான வரிகள். மேல்பாகம் வலைத்துணி. கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிடும். "ரீச்சர், இது எந்த நிலத்துக்கும் தாங்கும்" என்று கடைத்தம்பி சொன்னார். மகனைப் பார்க்கப் போன லொஸ் ஏஞ்சல்ஸ் நடைபாதைகளில் இரண்டு கிழமை நடந்தேன், ஒரு குறையும் இல்லை.

பிறகுதான் மகன் அம்போய் எரிமலைக்குக் கூட்டிக்கொண்டு போனான். கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில், பழைய ரூட் 66 வீதியோரம் இருக்கிறது. காரில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல். கூம்பின் உயரம் ஏறத்தாழ 76 மீற்றர், அடி அகலம் 460 மீற்றர் அளவு. சுற்றிவரச் சுமார் 70 சதுரக் கிலோமீற்றருக்குக் கறுத்த எரிமலைக் குழம்புப் பாறை. 1973 இலேயே அமெரிக்கா இதைத் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவித்துவிட்டது. நடைபாதையில் தண்ணீர் இல்லை, நிழலும் அரிது. கோடையில் அந்தப் பக்கமே போகக் கூடாது. குளிர்காலத்தில் போனபோதும் நாங்கள் ஆளுக்கு மூன்று லீற்றர் கொண்டுபோனோம்.

கூம்பின் அடிவாரம் வரை மணலும் உடைந்த பாறையும் கலந்த பாதை. கல் விளிம்புகள் உடைந்த போத்தல் ஓடு மாதிரிக் கூர். சப்பாத்தின் அடி அசையவே இல்லை. அதற்கு முழுப் புள்ளி கொடுக்கிறேன்.

சரிவில் கதை மாறியது. பூமிக்குள்ளிருந்து வாயு நிறைந்த குழம்பு பீறிட்டு, காற்றிலேயே துண்டு துண்டாய் உறைந்து, வாயைச் சுற்றி விழுந்து குவிந்தால் வருவதுதான் சிண்டர் கூம்பு. லொறியில் கொண்டுவந்து கொட்டிய சல்லிக் குவியலில் ஏறிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சரிவு விளங்கும். இரண்டு அடி வைத்தால் ஒரு அடி வழுக்கும். ஒரு கல்லைக் கையில் எடுத்தேன். எங்களூர் முருகைக்கல் மதில் போலவே ஓட்டை ஓட்டையாய் இருந்தது. முருகைக்கல் கடலுயிர் கட்டியது. இது வாயுக்குமிழி விட்டுப்போன இடம். சுண்ணக்கல்லுக்கு மேலேயே வாழ்ந்த எனக்கு அந்தக் கல்லைக் கீழே வைக்க மனம் வரவில்லை. வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

ஆனால் பொடிக்கற்கள் வலைத்துணி வழியாகவும் கணுக்கால் பக்கமாகவும் உள்ளே புகுந்துகொண்டே இருந்தன. நாலு தடவை இருந்து கழற்றிக் கொட்டினேன். குதிக்காலில் கொப்புளம். எந்த நிலத்துக்கும் தாங்கும் என்று இந்தச் சப்பாத்தை விற்கக் கூடாது.

கூம்பின் மேற்குப் பக்கம் உடைந்திருக்கிறது. குழம்பு அந்தப் பக்கத்தால் உடைத்துக்கொண்டு வெளியேறியதாம். பாதையும் அந்த வாசலால்தான் உள்ளே போகிறது. நான் 31 வருடமும் பிள்ளைகளுக்கு ஒரு பக்கமும் உடையாத கூம்பைத்தான் வரைந்து காட்டினேன். விளிம்பில் நின்றபோது அதுதான் திரும்பத் திரும்ப மனதுக்குள் வந்தது. எட்டத்தில் பிறிஸ்டல் வறண்ட ஏரி வெள்ளையாய்க் கிடந்தது. அங்கே வாய்க்கால் வெட்டி உப்புநீரிலிருந்து கல்சியம் குளோரைட்டு எடுக்கிறார்கள். "ஆனையிறவு உப்பளம் மாதிரி இருக்கு, என்ன அம்மா?" என்றான் மகன். எனக்கும் அதே நினைவுதான்.

ஊர் திரும்பி மணல்காட்டிலும் போட்டுப் பார்த்தேன். சவுக்கந்தோப்பைத் தாண்டி, மணலில் புதைந்த பழைய தேவாலயம் வரை போவதற்குள் சப்பாத்துக்குள் ஒரு பிடி மணல். இரண்டாம் மாதம் முன்பக்க அடி பசை விட்டு வாய் திறந்தது. பற்றுச்சீட்டோடு கடைக்குப் போனேன். பாவித்த சாமானை மாற்ற மாட்டோம் என்று பெட்டியைக்கூடத் திறந்து பார்க்காமல் சொல்லிவிட்டார்கள். அது எனக்கு மிகுந்த மனவருத்தம். சந்தைப் பக்கம் சப்பாத்துத் தைக்கும் ஐயா 350 ரூபாவுக்குச் சுற்றிவரத் தைத்துத் தந்தார். அதற்குப் பிறகு ஒரு நூல்கூட விடவில்லை.

தைத்து முடித்து வீட்டில் கழுவும்போது அடி வரிக்குள் ஒரு கறுத்த துகள் இறுகிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை உயர்தரத்தில் புவியியல் படிக்கிறாள். கூப்பிட்டு, ஊசியால் கிளறி எடுத்து, அவளுடைய உள்ளங்கையில் வைத்தேன். வெளிச்சத்தில் பிடித்து அந்த ஓட்டைகளை எண்ணத் தொடங்கிவிட்டாள்.

வாங்குவதென்றால் ஒரு அளவு பெரிதாக வாங்கித் தடித்த காலுறை போடுங்கள். முதல் நாளே அடியைத் தைப்பித்துவிடுங்கள். டவுனுக்கும் கல்நிலத்துக்கும் தாராளமாகப் போதும். மணலுக்கும் எரிமலைக்கும் என்றால் கணுக்காலை மூடுகிற, வலைத்துணி இல்லாத சோடியைத் தேடுங்கள்.