திருப்பூர் ஏற்றுமதி அலுவலகத்துக்கு எந்த எஸ்க்யூஎல் எடிட்டர்?

இஆர்பி (நிறுவன நிர்வாக மென்பொருள்) தரவு எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்திலும், வருகைப் பதிவு மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்திலும் இருப்பது திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகங்களுக்குப் புதிதல்ல. சாயப்பட்டறைக்குப் போன துணியில் எத்தனை கிலோ திரும்பியது, எந்த லாட் இன்னும் கட்டிங்கிற்கு வரவில்லை என்று மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிப்பவர்) கேட்கும்போதெல்லாம் க்வெரி (தரவுத்தளத்துக்கான எஸ்க்யூஎல் கட்டளை) எழுதித் தருபவர் முன்னால் இன்று மூன்று எடிட்டர்கள் உள்ளன: மைக்ரோசாஃப்டின் எஸ்எஸ்எம்எஸ் (எஸ்க்யூஎல் சர்வர் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ), திறமூல மென்பொருளான டிபீவர் கம்யூனிட்டி, ஜெட்பிரெயின்ஸின் டேட்டாகிரிப். திரையின் அழகையும் நிறங்களையும் விட்டுவிட்டு, ஓடக்கூடாத க்வெரி ஓடிவிடாமல் எது காக்கிறது என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்கிறேன்.

எஸ்எஸ்எம்எஸ்ஸில் எஃப்5 விசையை அழுத்தினால், தேர்ந்தெடுத்த வரிகள் மட்டும் ஓடும். பயனுள்ள வசதிதான், ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. ஒரு டெலிவரி சலானின் வரவு எடையைத் திருத்த மூன்று வரியில் அப்டேட் எழுதி, சலான் எண்ணைக் குறிக்கும் ‘வேர்’ (WHERE) நிபந்தனை உள்ள மூன்றாவது வரியை மவுஸ் தவறவிட்டால், மேலுள்ள இரண்டு வரிகளும் இலக்கணப்படி முழுமையான கட்டளையாகவே நிற்கும். வழக்கமான அமைப்பில் எஸ்எஸ்எம்எஸ் எதுவும் கேட்காது. டேபிளில் உள்ள எல்லாச் சலான்களுக்கும் அதே எடை பதிவாகி, அப்போதே உறுதியும் ஆகிவிடும். டேட்டாகிரிப்பும் டிபீவரும் நிபந்தனையற்ற அப்டேட்டையும் டெலீட்டையும் கண்டு எச்சரிக்கின்றன. டிபீவரில் இணைப்பின் வகையை ‘புரொடக்‌ஷன்’ என்று குறித்தால், அது வேறொரு நிறத்தில் தெரிவதோடு, நாமாக கமிட் கொடுக்கும்வரை மாற்றம் நிலைபெறாத அமைப்புக்கும் மாறிக்கொள்கிறது.

ஆனால் இந்தப் பாதுகாப்புக்கும் விலை உண்டு. அப்டேட் செய்துவிட்டு கமிட்டோ ரோல்பேக்கோ (மாற்றத்தைத் திரும்பப்பெறும் கட்டளை) கொடுக்காமல் தேநீர் குடிக்கப் போனால், எஸ்க்யூஎல் சர்வரின் இயல்பான அமைப்பில் அந்த வரிகள் பூட்டியே கிடக்கும். கிடங்கில் அதே சலானைத் திறந்தவரின் திரை உறைந்து நிற்கும், காரணம் தெரியாமல் அவர் நெட்வொர்க்கைத் திட்டுவார். மாற்றம் செய்யும்போது மட்டும் கையால் கமிட் கேட்கும் ‘ஸ்மார்ட் கமிட்’ டிபீவரில் இருந்தாலும், திறந்து வைத்த பரிவர்த்தனையை (இன்னும் உறுதியாகாத மாற்றங்களை) உடனுக்குடன் முடிப்பது நம் பொறுப்புதான்.

எழுதும் வேகத்தில் டேட்டாகிரிப்பே முன்னிற்கிறது. இரண்டு டேபிள்களை இணைக்க ஜாயின் என்று தொடங்கியதும், ஃபாரின் கீ (ஒரு டேபிளை இன்னொன்றோடு தொடர்புபடுத்தும் விதி) உறவுகளைப் பார்த்து முழு இணைப்பு நிபந்தனையையும் முன்வைக்கிறது. ஃபாரின் கீயே இல்லாமல் கட்டப்பட்ட பழைய இஆர்பி தரவுத்தளங்களில் இந்தச் சிறப்பு மங்கிவிடும். உறவுகளை நாமே எடிட்டரிடம் சொல்லிவைக்கலாம், டிபீவரிலும் அதற்கு வழி உண்டு. 2025 முதல் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு டேட்டாகிரிப் இலவசம் என்றாலும், நிறுவனக் கணினிக்குச் சந்தா கட்டியே ஆகவேண்டும்.

தமிழில் எழுதிய பெயர் கேள்விக்குறிகளாக மாறினால், எடிட்டரைப் பழிக்க வேண்டாம். எஸ்க்யூஎல் சர்வரில் மேற்கோளுக்கு முன் ‘என்’ (N) எழுத்தை இடாததே பெரும்பாலும் அதற்குக் காரணம். எந்த எடிட்டரில் எழுதினாலும் இதே விளைவுதான்.

இலவசமான எஸ்எஸ்எம்எஸ் விண்டோஸில் மட்டுமே ஓடும், மைஎஸ்க்யூஎல் பக்கம் எட்டிப்பார்க்காது. ஆயினும் மெதுவாக ஓடும் க்வெரியின் எக்ஸிகியூஷன் பிளானை (சர்வர் அதை இயக்கும் படிகளை) அலசவும், பேக்கப், பயனர் அனுமதி, ஏஜென்ட் வேலைகளை (நேரம் குறித்துத் தானாக ஓடும் பணிகளை) கவனிக்கவும் அதற்கு ஈடு இல்லை. அன்றாட அறிக்கைக்கு இரண்டு தரவுத்தளங்களையும் ஒரே திரையில் காட்டும் டிபீவர், சர்வர் பராமரிப்புக்கு எஸ்எஸ்எம்எஸ் என்று பிரித்துக்கொள்வதே இத்தகைய அலுவலகத்துக்கு என் பரிந்துரை. மைக்ரோசாஃப்டின் இன்னொரு எடிட்டரான அசூர் டேட்டா ஸ்டுடியோவைப் பயன்படுத்தி வந்தவர்கள், 2026 பிப்ரவரி 28உடன் அதற்கான ஆதரவு முடிவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்ததால், விஎஸ் கோட் என்ற நிரல் எடிட்டரின் எஸ்க்யூஎல் சர்வர் நீட்சிக்கு மாறிக்கொள்ளலாம். நாள் முழுவதும் ஸ்டோர்டு புரொசீஜர் (தரவுத்தளத்திலேயே சேமித்துவைக்கும் நிரல்) எழுதும் கோவை மென்பொருள் நிறுவன டெவலப்பருக்கு மட்டும், சந்தா கட்டியாவது டேட்டாகிரிப்பை வாங்கித் தரலாம்.