எச்சரிக்கை: அம்பாசிடரின் நீலப்புகையும் செய்யாத போரிங்கும்

பழைய அம்பாசிடரோ பத்மினியோ வைத்திருப்பவர், சைலன்சரில் நீலப்புகை வருகிறது என்று எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதலில் காதில் விழும் சொல், தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கும் வேலையான "போரிங்" என்பதுதான். கோவையில் பழைய வண்டிகளுக்கென்றே பெயர் வாங்கிய ஒரு பட்டறை, எங்கள் 1974ஆம் ஆண்டு மார்க் 2 அம்பாசிடருக்கு அந்த வேலையைச் செய்ததாகச் சொல்லி 58,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, அதைச் செய்யாமலேயே வண்டியைத் திருப்பிக் கொடுத்தது. அந்த எஞ்சினுக்குப் போரிங் தேவையே இருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. புகார் விசாரணையில் இருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர்கள் செய்த முறை எந்த ஊரிலும் நடக்கக்கூடியது என்பதால் அதை முழுமையாகப் பதிவு செய்கிறேன்.

வண்டியின் கோளாறு தெளிவானது. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் குப்பென்று நீலப்புகை வெளியேறி, சிறிது நேரத்தில் அடங்கிவிடும். அவிநாசி சாலையில் சீராக ஓடும்போது பின்னால் வருபவருக்கு எதுவும் தெரியாது. குன்னூரிலிருந்து ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு இரண்டாம் கியரில் இறங்கி வந்து, கல்லாறு அருகே சாலை சமமாகும் இடத்தில் மீண்டும் மிதித்தால், பின்னால் வரும் வண்டியே தெரியாத அளவுக்குப் புகை கிளம்பும்; பிறகு தானாகவே நின்றுவிடும். மலை ஏறும்போது, எஞ்சின் மூச்சுமுட்டும் இடங்களில்கூட, புகை கிடையாது. இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதியே பட்டறையில் கொடுத்தேன்.

இந்த விவரங்கள் ஏன் முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள். கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. விடாமல் வரும் வெண்புகைக்குப் பெரும்பாலும் ரேடியேட்டர் தண்ணீர் காரணம். ஆயில் எந்த வழியாக எரியும் அறைக்குள் போகிறது என்பதை நிறம் சொல்லாது. புகை வரும் நேரம்தான் ஓரளவு சொல்லும். இறக்கத்தில் கார்புரேட்டரின் காற்றுக்கதவான திராட்டில் (throttle) மூடியிருக்கும்போது சக்கரங்கள் எஞ்சினை இழுத்துச் சுழற்றுவதால் காற்றும் பெட்ரோலும் எஞ்சினுக்குள் போகும் குழாயான இன்லெட் மேனிபோல்டில் வெற்றிடம் உச்சத்துக்குப் போகிறது. அந்த இழுப்பில், வால்வுத் தண்டுக்கும் அது ஏறி இறங்கும் குழலான கைடுக்கும் இடையிலுள்ள தேய்ந்த இடைவெளி வழியாக, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் மேலிருக்கும் ஆயில் உள்ளே உறிஞ்சப்படுகிறது. மீண்டும் மிதித்தவுடன் அது மொத்தமாக எரிகிறது. நிற்கும் வண்டியில் அதே ஆயில் மெல்லக் கசிந்து தேங்கி, காலையில் முதல் புகையாக வெளியேறுகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்த எஞ்சினோ ஏற்றத்திலும் பாரத்திலும் விடாமல் புகைக்கும், இழுவை குறையும், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் துடிப்போடு காற்று வெளியேறும் (பட்டறையில் இதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்பார்கள்). சிலிண்டர் சுவரிலிருந்து ஆயிலை வழித்தெடுக்கும் ஆயில் ரிங் மட்டும் போனாலும் இறக்கத்துக்குப் பின் புகை வரலாம், எஞ்சினின் உள்காற்றை வெளியேற்றும் பிரீதர் அடைத்திருந்தாலும் வரலாம், ஏன், ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தால்கூட வரலாம் என்பதால், அளந்து பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

அந்தப் பட்டறையில் எதையும் அளக்கவில்லை. தலைமை மெக்கானிக் நான் கொடுத்த தாளைப் படிக்காமலேயே பானெட்டில் வைத்துவிட்டு, எஞ்சினை உறுமவிட்டு, ஆயில் மூடியைத் திறந்து, அங்கே தெரிந்த லேசான ஆவியைக் காட்டி, "பாருங்க சார், பேக் கம்ப்ரஷன் எப்படி அடிக்குதுன்னு. போர் போயிடுச்சுங்க, எஞ்சினை இறக்கியே ஆகணும்" என்றார். ஐம்பது வருட எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அந்த அளவு ஆவி வரத்தான் செய்யும். சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "கேஜ் எல்லாம் படிச்சு வந்த பசங்களுக்கு சார், எங்களுக்குச் சத்தமே போதும்" என்ற பதில் கிடைத்தது. பிறகு எஸ்டிமேட் என்று அச்சடித்த தாளில் 20 சைஸ் (அசலைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு பெரிய) பிஸ்டன் செட், ரிங் செட், போரிங் கூலி, கேஸ்கட், வேலைக்கூலி என்று எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஜிஎஸ்டி எண் இல்லை. பழைய பிஸ்டன்களைக் கேட்டபோது "எடைக்குப் போட்டாச்சு" என்றார்கள்.

வண்டி திரும்பி வந்த மறுநாள் காலையிலேயே அதே புகை. "ரிங் செட் ஆகணும் சார், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க" என்றார்கள். இந்தச் சமாதானத்தில் பாதி உண்மை உண்டு. புது ரிங் சிலிண்டரோடு படிவதற்குச் சில நூறு கிலோமீட்டர் ஆகும், அதுவரை கொஞ்சம் ஆயில் குடிக்கும். ஆயிரத்தைத் தாண்டி இரண்டாயிரம் ஓடிய பிறகும் கல்லாறில் அதே மேகம் எழுந்தது. அதன் பிறகு என் தொலைபேசி அழைப்புகளை அவர்கள் எடுக்கவில்லை.

இரண்டாவதாகப் பார்த்தவர், அரசுப் பணிமனை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். நான்கு பிளக்குகளையும் கழற்றி, திராட்டிலை முழுவதும் திறந்து வைத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் கேஜை வைத்து, அதன் முள் நிற்கும்வரை ஸ்டார்ட்டரைச் சுழற்றினார். நான்கும் 125க்கும் 130 பிஎஸ்ஐக்கும் இடையில் நின்றன. பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி ஆயில் ஊற்றி மறுபடி அளந்தார். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைத்து அளவு நன்றாக ஏறும். இங்கே முள் சற்றே நகர்ந்ததோடு சரி. வால்வு கவரைத் திறந்து, ஆயில் கீழே இறங்காமல் தடுக்க வால்வுத் தண்டின் மேல்முனையில் இருக்க வேண்டிய சிறிய ரப்பர் வளையங்களைக் காட்டினார். இரண்டு நகம் பட்டதும் பொடிந்தன. மற்றவை எலும்புபோல் இறுகியிருந்தன. கைடும் தேய்ந்திருக்கலாம் என்று ஹெட்டைக் கழற்றினார். அப்போதுதான் மோசடி கண்ணுக்குத் தெரிந்தது.

ரிங் தேய்க்கும் பகுதிக்கு மேலே, சிலிண்டரின் வாயோரத்தில், தேயாமல் எஞ்சும் ஒரு விளிம்பு இருக்கும். போரிங் போட்டால் அது மறைந்துவிட வேண்டும். என் எஞ்சினில் நான்கு சிலிண்டரிலும் விரலை வைத்து மேலே இழுத்தால் நகம் அந்த விளிம்பில் தட்டி நின்றது. பிஸ்டன்களின் தலையைக் கரி போகத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தார்கள். ஆனால் ஓவர்சைஸ் பிஸ்டனில் பொறித்திருக்க வேண்டிய 20 என்ற எண் எதிலும் இல்லை. பெரியவர் லேத் கடையிலிருந்து, சிலிண்டர் விட்டத்தை அளக்கும் போர் கேஜ் கொண்டுவரச் செய்து அளந்தார். இந்த 1489 சிசி எஞ்சினின் அசல் சிலிண்டர் விட்டம் 73.025 மில்லிமீட்டர். 20 சைஸுக்குக் கடைந்திருந்தால் அது 73.53 ஆகியிருக்க வேண்டும். கேஜ் காட்டியது 73.10. கடைந்த இரும்பு மறுபடி வளராது. சிலிண்டருக்குள் புது உறையான ஸ்லீவ் போட்டு அளவைக் குறைத்தோம் என்று அவர்கள் வாதிடவும் வழியில்லை. ஸ்லீவ் போட்டிருந்தால் அந்தப் பழைய விளிம்பு இருந்திருக்காது. புதிதாகப் போட்டிருந்தவை ரிங்குகளும் கேஸ்கட்டும் மட்டுமே. ஹெட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் வால்வைத் தொடவே இல்லை.

கைடுகளை மாற்றி, வால்வுகளைப் பதமிட்டு, புதிய ரப்பர் வளையங்களைப் போட்டதற்கு மொத்தம் ஒன்பதாயிரத்துக்குச் சற்றே அதிகமாக ஆனது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்த பிறகே அந்த வளையத்தைத் தண்டில் ஏற்ற வேண்டும் என்றும், முதலிலேயே ஏற்றினால் அது நசுங்கிவிடும் என்றும் சொல்லிக்கொண்டே வேலை செய்தார். புகை நின்றுவிட்டது.

படங்களோடும் அளவுகளோடும் பட்டறைக்குப் போனபோது, "எஸ்டிமேட் தானே கொடுத்தோம், பில்லா கொடுத்தோம்?" என்று கேட்டார்கள். ஜிபே வழியாகப் பணம் செலுத்தியிருந்ததால் அந்தப் பதிவும், எஸ்டிமேட் தாளும், லேத் கடை எழுதிக் கொடுத்த அளவுச் சீட்டும் சேர்த்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை; இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும்; 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் முதலில் பேசிப் பார்க்கலாம்.

உங்கள் வண்டி புகைத்தால், நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன் அளவையும், ஆயில் ஊற்றாமலும் ஊற்றியும், எழுத்தில் வாங்காமல் எஞ்சினை இறக்கச் சம்மதிக்காதீர்கள். கேஜ் இல்லாத பட்டறையென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். போரிங் தவிர்க்க முடியாததாக இருந்தால், கடைவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவை லேத் கடையின் சீட்டிலேயே கேளுங்கள், பழைய பிஸ்டன்களை எடைக்குப் போடாமல் உங்களிடம் தரச் சொல்லுங்கள், ஹெட்டை மூடுவதற்கு முன் பிஸ்டன் தலையில் உள்ள எண் தெரியும்படி ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் படம் வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுத்தால் போதும்.